எது வரைக்கும் என்று சொல்லுங்கள்

ஐதராபாத் மெட்ரோவின் நீல வழித்தடத்தில் மெட்டுகுடாவில் ஏறினால் வண்டி மாறாமல் ஹைடெக் சிட்டியில் இறங்கலாம். இந்தப் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸ், லாலாகுடா பணிமனை, தார்நாகா போகும் சாலையில் 1957 முதல் சிக்னல் பொறியாளர்களுக்குப் பயிற்சி தந்துவரும் இரிசெட் நிறுவனம். அந்தப் பக்கம் மென்பொருள் நிறுவனங்கள். என் பிழைப்பு அந்தப் பக்கத்தில். புராடக்ட் மேனேஜர் வேலை. நிரல் எழுத இன்ஜினியர் இருக்கிறார், திரையை வடிவமைக்க டிசைனர் இருக்கிறார், விற்க சேல்ஸ் ஆட்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும், முடிவெடுக்கும் மேலிடத்துக்கும், ஒரே விஷயத்தை ஒரே மாதிரி புரியவைப்பதுதான் எங்கள் வேலையில் பெரும்பங்கு. அதனால்தான் இந்த வேலைக்கான இன்டர்வியூவில், சிக்கலான ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வருகிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். அதற்காக இளைஞர்கள் மாதக்கணக்கில் தயாராகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: சுருக்கமாகச் சொல், எளிமையாகச் சொல், ஒரு உவமை வைத்துக்கொள். இந்த அறிவுரை தப்பில்லை. ஆனால் முக்கியமான ஒன்று அதில் விட்டுப்போகிறது. ஒரு பொருள் என்ன செய்யும் என்பதோடு, அது எது வரைக்கும் செய்யும், எதற்கு மேல் செய்யாது என்பதும் கேட்டவர் மனதில் பதிந்தால்தான் அந்த விளக்கம் தெளிவானது. இன்டர்வியூ மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்த அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு இது. இதை நிறுவ எனக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று ஹைடெக் சிட்டியில் இல்லை. மெட்டுகுடா பக்கத்து ரயில்வே உலகில் இருக்கிறது.

‘கவச்’ என்ற ரயில் பாதுகாப்பு அமைப்பைச் சொல்கிறேன். செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மத்திய ரயில்வேயில்தான் அது வளர்ந்தது. லிங்கம்பள்ளி – விகாராபாத் – வாடி பாதையில் அதற்குச் சோதனைகள் நடந்தன. 2016 பிப்ரவரியில் பயணிகள் ரயில்களிலும் சோதனை தொடங்கியது. தொடக்கத்தில் அதைத் தயாரிக்க அனுமதி பெற்ற மேதா, எச்பிஎல், கெர்னெக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களுமே ஐதராபாத்தைச் சேர்ந்தவை. 2020-ல் அது தேசிய அளவிலான தானியங்கி ரயில் பாதுகாப்பு அமைப்பாக ஏற்கப்பட்டது. அது வேலை செய்யும் விதம் இதுதான். தண்டவாளத்துக்கு நடுவே ஸ்லீப்பர்களில் ஆர்எஃப்ஐடி பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கும். இன்ஜினின் அடியில் உள்ள கருவி அவற்றைப் படித்து, வண்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். ஸ்டேஷனில் உள்ள கருவி, எந்த சிக்னல் என்ன நிறத்தில் இருக்கிறது, எந்த வழி போடப்பட்டிருக்கிறது என்ற தகவலை, சிக்னலையும் வழியையும் இணைத்துக் கட்டுப்படுத்தும் அங்குள்ள இன்டர்லாக்கிங் அமைப்பிடமிருந்து வாங்கி, வானொலி அலை வழியாக இன்ஜினுக்கு அனுப்பும். எவ்வளவு தூரம் போகலாம், என்ன வேகத்தில் போகலாம் என்பது லோகோ பைலட்டுக்கு முன்னால் உள்ள திரையில் தெரியும். அவர் பிரேக் பிடிக்கத் தவறினால் கருவியே பிடிக்கும்.

இத்தனை நுட்பங்கள் கொண்ட ஒன்றை நாட்டு மக்களுக்குப் புரியவைக்க ரயில்வே தேர்ந்தெடுத்த வழி மிகச் சிறப்பானது. 2022 மார்ச் 4-ஆம் தேதி, குல்லகுடா – சிட்கிட்டா நிலையங்களுக்கு இடையே ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின்கள் ஓடவிடப்பட்டன. ஒன்றில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், மற்றொன்றில் ரயில்வே வாரியத் தலைவர். முன்னால் இருந்த இன்ஜினுக்கு 380 மீட்டர் தொலைவிலேயே அமைச்சர் இருந்த இன்ஜின் தானாக நின்றது. அதே நாளில் வேறு சிலவற்றையும் காட்டினார்கள்: சிவப்பு சிக்னலைத் தாண்டவிடாமல் வண்டி நின்றது, லெவல் கிராஸிங் வந்ததும் தானாக ஊதியது, நிலையத்தில் பிரியும் பக்கத் தண்டவாளமான லூப் லைனில் நுழையும்போது வேகம் 60 கிலோமீட்டரிலிருந்து 30-க்குத் தானாகக் குறைந்தது. புராடக்ட் டெமோ என்று நாங்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. கலைச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. 380 மீட்டர் என்ற ஒரே எண் ஊருக்கே புரிந்தது. அமைச்சர் தானே உள்ளே உட்கார்ந்திருந்ததால் நம்பிக்கையும் வந்தது. சுருக்கம், எளிமை, காட்சி என்று பயிற்சி வகுப்புகள் கேட்கும் மூன்றும் அதில் இருந்தன.

பதினைந்து மாதம் கழித்து, 2023 ஜூன் 2-ஆம் தேதி மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பாஹாநகா பஜார் நிலையத்தில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. மெயின் லைனில் நேராகப் போக அதற்குப் பச்சை சிக்னல் கிடைத்திருந்தது. ஆனால் வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. மணிக்கு ஏறத்தாழ 128 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி லூப் லைனில் புகுந்து, அங்கே நின்றிருந்த இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயிலில் மோதியது. தடம்புரண்ட பெட்டிகள் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்த பெங்களூரு – ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் இழுத்துச் சாய்த்தன. 290-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்த ரயிலில் வரவேண்டியவர்களுக்காகத் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகள் அன்றிரவு தூங்காமல் காத்திருந்தன. லெவல் கிராஸிங் தொடர்பான சிக்னல் பணிகளில் ஒயர்கள் தவறாக இணைக்கப்பட்டதே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை பிறகு கண்டறிந்தது. பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பற்றி இன்டர்லாக்கிங்குக்குத் தவறான தகவல் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாளே நாடு முழுக்க எழுந்த கேள்வி, “கவச் இருந்திருந்தால்?” என்பது. கேட்டவர்கள் மேல் குற்றமே இல்லை. ரயில் மோதாமல் நிற்பதையும், லூப் லைனில் வேகம் குறைவதையும் அவர்களுக்குக் காட்டியிருந்தார்கள். இந்த விபத்தில் நடந்ததும் அதே லூப் லைனில் நடந்த மோதல்தானே என்று அவர்கள் நினைத்தது இயல்பு. அந்தப் பாதையில் கவச் பொருத்தப்படவே இல்லை என்பது பதிலின் ஒரு பகுதி. அன்றைக்கு அது தென் மத்திய ரயில்வேயில் ஏறத்தாழ 1,465 கிலோமீட்டர் பாதையில் மட்டுமே இருந்தது. மறுபகுதிதான் முக்கியமானது. வழி எந்தப் பக்கம் போடப்பட்டிருக்கிறது என்பதை கவச் நேரில் பார்ப்பதில்லை. இன்டர்லாக்கிங் சொல்வதை உண்மை என்று எடுத்துக்கொண்டே அது இயங்குகிறது. 2022-ல் லூப் லைன் வந்ததும் வேகம் குறைந்தது எப்படி? லூப் லைன் வரப்போகிறது என்று இன்டர்லாக்கிங் சரியாகச் சொன்னது. பாஹாநகாவில் அது மெயின் லைன் என்று சொன்னது. அந்தத் தகவலை நம்பியிருந்தால் கவச்சும் முழு வேகத்துக்கு அனுமதி கொடுத்திருக்கும். ரயில்வே வாரிய அதிகாரிகள் அந்த வாரத்தில் இதைத்தான் விளக்க முயன்றார்கள். ஆனால் துயரத்தின் நடுவே சொல்லப்படும் எல்லை, சாக்குப்போக்காகத்தான் காதில் விழும். “ஓட்டுநர் தவறினால் இது காப்பாற்றும், சிக்னல் அமைப்பே தவறான தகவல் தந்தால் இது காப்பாற்றாது, அதற்கு வேறு பாதுகாப்பு வேண்டும்” என்ற மூன்று வாக்கியங்கள் 2022-லேயே அந்த 380 மீட்டரைப் போல ஊரெங்கும் பரவியிருந்தால், விபத்துக்குப் பிறகு மக்கள் கேட்டிருக்கும் கேள்வி இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்: சிக்னல் ஒயரிங் வேலை முடிந்ததும் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டது யார்?

கவச்சைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இன்னொரு எண்ணையும் இங்கே பார்க்க வேண்டும். அது எஸ்ஐஎல்-4 என்ற உச்சப் பாதுகாப்புத் தரச்சான்று பெற்றது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு பிழைக்குத்தான் வாய்ப்பு என்று அதைப் பொதுமக்களுக்கு எளிமைப்படுத்திச் சொன்னார்கள். எளிமையான, மறக்க முடியாத வாக்கியம். ஆனால் அந்தத் தரச்சான்று பேசுவது கருவியின் சொந்தப் பிழையைப் பற்றி. கருவிக்குள் வந்து விழும் தகவல் சரியா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எண்ணைச் சொல்லி, எண்ணின் எல்லையைச் சொல்லாமல் விட்டால், கேட்பவர் அந்த எண்ணை ரயில் பயணம் முழுவதற்கும் விரித்துப் போட்டுக்கொள்வார். எங்கள் தொழிலில் இது தினமும் நடக்கிறது. “99 சதவீதம் துல்லியம்” என்று ஒரு ஸ்லைடில் இருந்தால், எந்தத் தரவில் சோதித்த 99 என்று கேட்க வேண்டும். ஆங்கிலப் பேச்சில் சோதித்த துல்லியத்தை நம்பி ஒரு குரல் சேவையைத் தெலுங்கு, தமிழ் பேசுபவர்கள் கையில் கொடுத்தால், அங்கே அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

எல்லையைச் சொன்னால் மட்டும் போதாது. அதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். இதற்குச் சான்று, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரைப் பலிகொண்ட கொலம்பியா விண்கல விபத்து. 2003 ஜனவரி 16-ஆம் தேதி விண்கலம் கிளம்பிய 82-ஆம் விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தைக் கணக்கிட்டு நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பே, கவலைப்பட அதிகம் இல்லை என்ற தொனியில் இருந்தது. நடந்த மோதல், சோதனைத் தரவுகளின் வரம்புக்கு வெகு வெளியே இருக்கிறது என்ற உண்மையும் அதே ஸ்லைடில் இருந்தது. கீழே, உள்ளடங்கிய சின்ன எழுத்து வரிகளில். சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். மோதியதாக மதிப்பிடப்பட்டது 1,920 கன அங்குலம். 640 மடங்கு. விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து அலசியது. மூத்த மேலாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, உயிருக்கு ஆபத்தான நிலை இது என்று உணராமல் போவது எளிது என்று எழுதியது. பொறியாளர்கள் எதையும் மறைக்கவில்லை. எல்லை கடைசி வரியில் இருந்தது, அவ்வளவுதான். முடிவெடுப்பவர்கள் தலைப்பைப் பார்த்து முடிவெடுத்தார்கள்.

இன்டர்வியூவுக்கு வருவோம். “யுபிஐ எப்படி வேலை செய்கிறது, விளக்குங்கள்” என்பது எங்கள் துறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. பெரும்பாலானவர்கள் சரியாகவே தொடங்குகிறார்கள்: அனுப்புபவரின் வங்கி பணத்தைக் கழிக்கிறது, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நடுவில் நின்று செய்தியைக் கடத்துகிறது, பெறுபவரின் வங்கி வரவு வைக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இது பாதி. கழித்தாகிவிட்டது, வரவு வைத்ததற்கான உறுதி மட்டும் வரவில்லை என்றால் என்ன ஆகும்? திரையில் ‘பெண்டிங்’ என்று நிற்கும் அந்த நேரத்தில் பணம் எங்கே இருக்கிறது? கடைக்காரர் சரக்கைக் கொடுக்கலாமா, வாடிக்கையாளர் மறுபடியும் அனுப்பலாமா? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கென்றே விதி வகுத்தது: ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போகும் பணம் சேரவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. யுபிஐயின் இந்தத் தோல்விப் பக்கத்தைத் தொட்டுப் பேசுபவருக்கு அந்த அமைப்பு உண்மையில் புரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஏனென்றால் இரண்டு வங்கிகள், என்பிசிஐ என மூன்று இடத்துக் கணினிகள் ஒன்றையொன்று நம்பி இயங்கும் ஏற்பாடு அது என்பது, எல்லாம் சரியாக நடக்கும்போது கண்ணில் படுவதில்லை. ஒன்று பதில் சொல்லாமல் போகும்போதுதான் படுகிறது. மனப்பாடம் செய்தவரையும் யோசித்தவரையும் இந்த ஒரு இடம் பிரித்துக் காட்டிவிடும்.

எல்லையைச் சொல்ல வேண்டும் என்பதற்கு எதிராக முதலில் சொல்லப்படுவது, அதைப் பேசினால் நம்பிக்கை போய்விடும் என்பது. இன்டர்வியூவில் நம் யோசனையின் ஓட்டையை நாமே எதற்குக் காட்ட வேண்டும்; மீட்டிங்கில் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கும்போது, இது எங்கே செல்லாது என்று பேசினால் யார் கொடுப்பார்கள்? இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. எல்லையைச் சொன்னவரைத் தயங்குகிறவர் என்று எடைபோடும் மேலாளர்கள் உண்டு. ஆனால் எதிரே இருப்பவர் கேட்டு வெளிவரும் எல்லை நம்மைக் கீழே இறக்கும். நாமே முந்திக்கொண்டு சொன்ன எல்லை, நாம் சொன்ன மற்றதையெல்லாம் நம்பவைக்கும். எது நிற்காது என்று சொல்லத் தெரிந்தவர், எது நிற்கும் என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எடை கூடுகிறது. பணம் ஒதுக்குபவருக்கும் இதில்தான் லாபம். கவச் சிக்னல் ஒயரிங்கைச் சரிபார்க்காது என்று தெரிந்த அதிகாரி, கவச்சுக்கும் பணம் ஒதுக்குவார், ஒயரிங் சோதனைக்கும் ஒதுக்குவார். தெரியாதவர், ஒன்றை வாங்கியதும் இரண்டும் முடிந்தது என்று இருந்துவிடுவார்.

அடுத்த எதிர்ப்பு நேரத்தைப் பற்றியது. மேலிடம் கொடுப்பது பத்து நிமிடம். அதில் விதிவிலக்குகளை அடுக்கிக்கொண்டே போனால் சொல்ல வந்ததே மூழ்கிப்போகாதா? போகும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘ஆனால்’ போடுவது தெளிவு இல்லை, தற்காப்பு. அதனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர் எடுக்கப்போகும் முடிவை எந்த எல்லை மாற்றுமோ, அதை மட்டும் சொன்னால் போதும். அதைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். கொலம்பியா ஸ்லைடில் இருந்த பல விவரங்கள் போயிருந்தாலும் பாதகமில்லை. 640 மடங்கு என்பது மட்டும் தலைப்பில் ஏறியிருக்க வேண்டும். 2004-ல் அமேசான் தன் மேல்மட்டக் கூட்டங்களில் ஸ்லைடுகளை நிறுத்தி, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்புக்கு மாறியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. குறிப்பு ஆறு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் மௌனமாக அதைப் படிக்க வேண்டும். ‘இதனால்’, ‘ஆனாலும்’, ‘இது உண்மையாக இருக்கும் வரை’ போன்ற இணைப்புகளை ஸ்லைடில் விட்டுவிட முடியும். தொடர்ச்சியாக எழுதும்போது விட முடியாது. புதிய சேவைக்கான அவர்களுடைய முன்வரைவோடு கேள்வி-பதில் பகுதி ஒன்றும் சேர்ந்தே வருகிறது. சங்கடமான கேள்விகளுக்கு அங்கே இடம் உண்டு. ஐதராபாத் நானக்ராம்குடாவில் அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய வளாகம் 2019-ல் வந்த பிறகு, இந்த எழுத்துப் பழக்கம் இந்த ஊரின் பல இளைஞர்களுக்கும் அறிமுகமாகியிருக்கிறது. ஆனால் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சங்கடமான கேள்விகளை விட்டுவிட்டால், ஆறு பக்கமும் நீண்ட ஸ்லைடுதான்.

மூன்றாவது எதிர்ப்பு உவமைக்காரர்களுடையது. பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல் என்பது எல்லா வகுப்பிலும் சொல்லித்தரும் பாடம். பாட்டிக்கு எல்லையெல்லாம் எதற்கு என்கிறார்கள். உவமை நல்ல தொடக்கம். யுபிஐயை மணியார்டரோடு ஒப்பிட்டால் ஒரு நொடியில் பாதி புரிந்துவிடும். ஆனால் மணியார்டரில் தபால்காரர் பணத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். யுபிஐயில் பணம் போனதா இல்லையா என்று சிறிது நேரம் யாருக்குமே தெரியாத நிலை ஒன்று இருக்கிறது. உவமை உடையும் அந்த இடத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், பாட்டி மணியார்டரை நம்பிய அதே நம்பிக்கையோடு ‘பெண்டிங்’கைப் பார்த்துக் குழம்புவார், மறுபடியும் பணத்தை அனுப்புவார். உண்மையில் எல்லை யாரைவிடவும் பாட்டிக்குத்தான் வேண்டும். நிபுணர் தவறான விளக்கத்தைக் கேட்டாலும் தானே திருத்திக்கொள்வார். சாதாரண மனிதர் நாம் சொன்னதை நம்பி அப்படியே நடப்பார்.

இந்தத் தொழிலுக்கு வரும் நம் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியிலோ, சிற்றூர்க் கல்லூரிகளிலோ படித்தவர்கள். சரளமான ஆங்கிலம் இல்லாததால் தங்களுக்குத் தெளிவு வராது என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை உடைக்க வேண்டும் என்பது என் ஆசை. சரளமும் தெளிவும் வேறு வேறு. பழுதில்லாத ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசிவிட்டு, தான் சொன்ன ஏற்பாடு எதை நம்பி நிற்கிறது என்று கேட்டால் திகைப்பவர்கள் இருக்கிறார்கள். சின்னச் சின்ன வாக்கியங்களில், நிறுத்தி நிறுத்திப் பேசி, “இந்த மூன்று நிலையில் இது வேலை செய்யும், இந்த ஒன்றில் செய்யாது, அப்போது இப்படிச் செய்வோம்” என்று முடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவரைத்தான் ஒரு குழு வேலைக்கு எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் தவறு தேர்வு செய்பவர்களுடையது. தெலுங்கு, இந்தி, உருது, தமிழ் என்று பல மொழிக்காரர்கள் கலந்து வேலை செய்யும் ஐதராபாத் போன்ற ஊரில், கூட்டத்தில் இருக்கும் பாதிப் பேருக்கு அந்தச் சின்ன வாக்கியங்கள்தான் நன்றாகவும் புரியும்.

இதைப் பழக்கிக்கொள்ள வழி கடினமில்லை. எதை விளக்கத் தயாரானாலும் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் எழுதிக்கொள்ள வேண்டும்: இது எந்தத் தகவலை, யாரை நம்பி இயங்குகிறது, அது தவறினால் என்ன நடக்கும், அப்படி நடந்தால் முதலில் பாதிக்கப்படுபவர் யார். மூன்றாவது பதில் எழுத வரவில்லை என்றால் விஷயம் இன்னும் புரியவில்லை என்று பொருள். மறுபடியும் இன்ஜினியரிடம் போய்க் கேட்க வேண்டும். விளக்கி முடித்த பிறகு “புரிந்ததா?” என்று கேட்பதால் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். “இதை எந்தச் சந்தர்ப்பத்தில் நீங்கள் நம்ப மாட்டீர்கள்?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சரியான பதில் வந்தால் நம் விளக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. தேர்வு செய்பவர்களும் இதே கேள்வியை வேட்பாளரிடம் கேட்கலாம். கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர்கள் இதற்குப் பதில் வராமல் எந்த முடிவிலும் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். நம் விளக்கத்தைக் கேட்டு முடிவெடுப்பவர்கள் ஒரு அறைக்குள் இருக்கிறார்கள்; அந்த முடிவின் பலனை அனுபவிப்பவர்கள் ரயிலிலும் கடைத்தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் நேரில் போய் விளக்கப் போவதில்லை. அதனால் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய எல்லையை, அந்த அறைக்குள் இருக்கும்போதே முழுக் குரலில் சொல்லிவிடுவது விளக்குபவரின் கடமை.